காட்டுப்புறாவா, மாடப்புறாவா? கழுத்தைப் பாருங்கள்

கோத்தகிரி போய் வந்த நண்பர் போட்டோ அனுப்பி, "நீலகிரிக் காட்டுப்புறா கிடைச்சிடுச்சு சார்!" என்றார். தகரக் கூரை ஓரத்தில் செம்பழுப்பு முதுகோடு ஒரு புறா. அலகைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் அடியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாற்போல் வெள்ளைத் தடிப்பு. மாடப்புறாதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப்புறாக் கூட்டத்தில் வளர்ப்புப் புறா ரத்தம் கலந்து கிடப்பதால் கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று எல்லா நிறமும் வரும். காட்டுப்புறாவின் மேல்முதுகும் செம்பழுப்புதான். ஆகவே நிறத்தை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான்.

நான் முதலில் பார்ப்பது பின்கழுத்தை. மாடப்புறாவுக்கு அங்கே பச்சையும் ஊதாவுமாக மினுக்கம். பெட்ரோல் சிந்திய மழைத்தண்ணீர் மாதிரி, தலையைத் திருப்பினால் நிறம் மாறும். காட்டுப்புறாவுக்கும் கொஞ்சம் மினுக்கம் உண்டு. ஆனால் கண்ணில் அறைவது அதன் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான். கறுப்பு இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை இருப்பதால் துண்டு சதுரங்கப் பலகையை ஒட்டியது போலத் தெரியும். மூடுபனியிலும் மறையாது.

கட்டம் என்றதும் சிலர் புள்ளிப்புறாவைக் காட்டுவார்கள். அது சிறியது, பழுப்பு, சிறகிலும் புள்ளிகள் இருக்கும், சாலையோரத்திலேயே மேயும். காட்டுப்புறாவோ சாம்பல் தலையும் சாம்பல் வயிறுமாக, 42 செ.மீ. வரை வளரும் பெரிய பறவை. மாடப்புறா 33 செ.மீ. அளவுதான்.

அடுத்தது மடித்த சிறகு. சராசரி மாடப்புறாவுக்கு இரண்டு கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். காட்டுப்புறாவுக்குப் பட்டையே கிடையாது. அலகிலும் வித்தியாசம்: காட்டுப்புறாவுக்கு அடி சிவப்பு, நுனி வெளிறல். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து 'மாடப்புறாவுக்கு இடுப்பு வெள்ளை' என்று தேடாதீர்கள். நம் பக்கத்துப் புறாவுக்கு அது பெரும்பாலும் சாம்பல்தான்.

இடமும் உதவும். மாடப்புறாவுக்குக் கோபுரம், பாலம், ஏசி பெட்டியின் முதுகு, எது கிடைத்தாலும் போதும். தானியம் பொறுக்கும், ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை. காட்டுப்புறா மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் பறவை. பெங்களூரு பக்கம் தனித்து நிற்கும் நந்திமலையிலும் கொஞ்சம் உண்டு. மரத்தின் மேல் கிளைகளில் பழங்களை முழுசாக விழுங்கிக்கொண்டிருக்கும், இடுவது ஒற்றை முட்டை. ஆனால் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மலையூர் பஸ் ஸ்டாண்டிலும் மாடப்புறா உண்டு.

இலை மறைத்துவிட்டால் காதுதான் துணை. மாடப்புறா தொண்டைக்குள்ளேயே உருட்டி முனகும். காட்டுப்புறாவோ கனமாக ஒரு 'ஊ' போட்டு, பிறகு 'ஹூ ஹூ ஹூ' என்று அடுக்கும். மந்தி குரல் கொடுக்கிறதோ என்று தோன்றும்.

நண்பர் அடுத்த மாதம் கோத்தகிரி லாங்வுட் சோலைக்கே போனார். இந்த முறை போட்டோ வரவில்லை. சின்ன ஆடியோ ஒன்று வந்தது. ஒரு 'ஊ', மூன்று நான்கு 'ஹூ', கடைசியில் அவருடைய கிசுகிசுப்பு: "சார், இது குரங்கா?"