தடுப்பணை முதலிலா, புல் முதலிலா?

ஓடைத் தண்ணீர் கலங்கலாக வருகிறது, மேய்ச்சல் நிலம் மொட்டையாகிறது என்றதும் "ஒரு தடுப்பணை கட்டிவிடலாம்" என்ற பேச்சுதான் முதலில் எழும். அதில் தப்பில்லை. ஆனால் நீர்வடிப்பகுதியை, அதாவது மழைநீர் வடிந்து ஓடையில் சேரும் நிலப்பரப்பை, சீரமைக்கத் திட்டம் போடும்போது அதை முதல் வேலையாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

காரணத்தைச் சரிவிலேயே பார்க்கலாம். ஒரு புல் தூரின் பக்கத்தில் உட்காருங்கள். தூர் இரண்டு விரல் உயர மண் திட்டில் நிற்கிறதா? வேர் வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் தூர் மேலே ஏறவில்லை, சுற்றியிருந்த மண் மழையோடு இறங்கிப் போய்விட்டது. கீழே அணை கட்டினால் அந்த மண் அங்கே வந்து படியும். மேலே அரிப்பு ஓயாதவரை அணையின் ஆயுள் வண்டலின் கையில்தான்.

தண்ணீரின் தரத்துக்கும் அணையால் அரைகுறை உதவிதான். மணலும் கரட்டு வண்டலும் தங்கிவிடும். நுண்ணிய களிமண் தங்காமல் தாண்டிப் போகும், அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் கூடவே போகும். நைட்ரேட் கரைந்தே போவது, அதைக் கல் தடுக்காது. தேங்கிய நீரைத் தேடி மாடுகள் ஒரே இடத்தில் குவிந்தால் கரை மிதிபட்டுச் சரியும், சாணமும் மூத்திரமும் நேரே தண்ணீரில் கலக்கும். எனவே அணை கட்டினாலும் கரைக்கு வேலியும், மேட்டில் தண்ணீர்த் தொட்டியும் தேவை. மாடுகள் நக்கும் உப்புக்கட்டியை ஓடைக்கு எட்டத்தில் வைத்தால் மந்தை ஓரளவு மேட்டில் பரவும். செலவு குறைந்த வேலை இது, ஆனால் எளிதில் மறந்துபோகிறது.

அடுத்து, மேய்ச்சலை அடியோடு நிறுத்துவதா, மாற்றி மாற்றி மேய்ப்பதா? நிறுத்தினால் புல் வேகமாகத் தழைக்கும், ஆனால் ஆடு மாடு வேறெங்கோ போய் மேயும். சண்டிகர் பக்கத்து சுகோமாஜ்ரி கிராமம் இதற்கு நல்ல பாடம். சண்டிகரில் 1958-ல் அமைத்த சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்தது. அந்தக் கிராமத்தை ஒட்டிய மலைச்சரிவிலிருந்து வந்த மண்தான் காரணம். குழி வெட்டியும் மரம் நட்டும் மேய்ச்சல் நிற்கவில்லை. 1976-ல் சிறு மண் அணை கட்டி, அந்தத் தண்ணீர் ஊர் வயலுக்குக் கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. நிலமில்லாதவர்களுக்கும் பங்கு உண்டென்று ஆனதும் சரிவைக் காப்பது எல்லோருடைய காரியமாயிற்று. வேலி தேவைப்படவில்லை, ஊரே வேலியானது. இங்கே அணை ஜெயித்தது மண்ணைப் பிடித்ததால் மட்டுமல்ல, ஆட்டைச் சரிவிலிருந்து இறக்குவதற்கு ஈடாக மக்களுக்கு ஒன்றைக் கொடுத்ததால். மேய்ப்பவரிடம் பேசாமல் போடும் மேய்ச்சல் தடை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

சுழற்சி மேய்ச்சலைப் பற்றியும் மிகையான பேச்சு உண்டு. நிலம் தாங்காத எண்ணிக்கையில் மந்தையை வைத்துக்கொண்டு, நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் சரியாகிவிடும் என்பது நடக்காது. எண்ணிக்கைதான் முதல் கணக்கு. அதன் பிறகு, புல் துளிர்க்கும் பருவத்தில் ஒவ்வொரு பாத்திக்கும் ஓய்வு கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால், முழுத் தடையைவிட நான் சுழற்சியையே தேர்ந்தெடுப்பேன். மேய்ப்பவர் நிலத்தில் இருப்பார், புல்லும் அவர் கண் பார்வையில் இருக்கும்.

ஒரே ஒரு நிலைமையில் என் வரிசை மாறும். ஓடை ஆழமாக அறுத்து, படுகை இறங்கி, நிலத்தடி நீரும் கூடவே கீழே போயிருந்தால் மேட்டுப் புல் மட்டும் அதை மீட்காது. அப்போது படுகையை உயர்த்த வேண்டும். அதற்கும் பெரிய கான்கிரீட் சுவர் தேவையில்லை. அமெரிக்காவின் ஓரிகனில் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் மரக்கம்புகளை அடித்து, இடையே வில்லோ மரக் கிளைகளைப் பின்னித் தாழ்வான தடுப்புகள் போட்டார்கள். நீர்நாய் போலத் தண்ணீரில் வாழும் பீவர்கள் வந்து அவற்றின் மேல் தங்கள் அணைகளைக் கட்டின. தண்ணீர் பக்கவாட்டில் பரவியது, நிலத்தடி நீர் ஏறியது, மீன்களும் பெருகின.

எந்த வழியை எடுத்தாலும் வேலை தொடங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பருவத்தின் முதல் வெள்ளம் வரும்போது கண்ணாடி பாட்டிலில் ஓடை நீரைப் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் படிந்த வண்டலின் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே அளவு பாட்டிலில் முதல் வெள்ளத்தைப் பிடித்து அந்தக் கோட்டோடு ஒப்பிடுங்கள்.