சிமுலேஷனா, நிஜப் பொருளா? பாடத்துக்குப் பாடம் மாறும் பதில்

அறிவியல் வகுப்புக்கு சிமுலேஷன், அதாவது கணினித் திரையில் செய்துபார்க்கும் மாதிரிச் சோதனை, போதுமா, கையில் தொடும் உபகரணம்தான் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தப் பாடம், அதில் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தால் பதில் தானாக வந்துவிடும்.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை பல்பு தின்றுவிடுகிறது, மிச்சம்தான் திரும்பி வருகிறது என்று ஏராளமான மாணவர்கள் நம்புகிறார்கள். லேசில் போகாத நம்பிக்கை இது. நிஜ பேட்டரியும் ஒயரும் கொடுத்தால் பல்பு எரிவது தெரியும், ஒயருக்குள் நடப்பது தெரியாது. இந்த இடத்தில் ஃபெட் சிமுலேஷன்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவசத் திட்டம் அது. அதில் சுற்றைக் கட்டினால், பல்புக்கு முன்னாலும் பின்னாலும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதைப் பார்க்கலாம். இன்னொரு பல்பைத் தொடராகச் சேர்த்தால் சுற்று முழுக்க வேகம் ஒன்றுபோலக் குறையும்.

நிஜச் சுற்றைக் கையாளும் திறமை குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2005இல் அதே பல்கலைக்கழகத்தில் வெளியான ஆய்வில், சிமுலேஷனில் பழகியவர்கள் நிஜ உபகரணத்தில் பழகியவர்களைவிட நிஜச் சுற்றையே நன்றாகக் கட்டினார்கள், நன்றாக விளக்கவும் செய்தார்கள். ஆய்வைச் செய்தவர்கள் ஃபெட் குழுவினர் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆனாலும் முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை. பொருள்களோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சமாகும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஒரே ஒரு குறை: சிமுலேஷனில் ஒயர் தளர்ந்துபோகாது. எரியாத பல்பை வைத்துக்கொண்டு எங்கே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது என்று தேடும் பழக்கம் அதில் வராது. அதனால் முதலில் திரை, அதே வாரத்தில் நிஜ ஒயர் என்பதுதான் என் வரிசை.

ஊசலுக்கு வந்தால் வரிசை தலைகீழ். ஃபெட்டில் ஊசல் உண்டு, அதை நிலவுக்கும் வியாழனுக்கும்கூடக் கொண்டுபோகலாம். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் அளவிடுவதில் இருக்கிறது. அதற்கு ஒரு நூலும் ஒரு இரும்பு நட்டும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். 1 மீட்டர் நூலில் ஒரு முழு அலைவுக்கு ஏறக்குறைய 2 விநாடி. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் விரல் 0.2 விநாடி பிந்தினால் பிழை 10 சதவீதம். அதையே 10 அலைவுகளுக்கு அளந்து பத்தால் வகுத்தால், அதே விரல், அதே பிந்தல், பிழை 1 சதவீதம்தான். குழுவுக்குக் குழு விடை வேறுபடுவதைப் பலகையில் எழுதிவைத்து, ஏன் என்று மாணவர்களையே பேசவிட வேண்டும். அப்புறம் நூலை 25 சென்டிமீட்டராகச் சுருக்கினால் நேரம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். நீளம் கால்வாசி ஆனதால் நேரமும் கால்வாசி, அதாவது அரை விநாடி என்று பலர் சொல்வார்கள். அளந்தால் 1 விநாடி வரும்.

கைப்பேசியின் சென்சார்களை அளவுகருவியாக மாற்றும் ஃபைஃபாக்ஸ் செயலியிலும் ஊசல் சோதனை இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவசச் செயலி இது. ஆனால் ஊசலுக்கு அதைப் பயன்படுத்தினால் மேலே சொன்ன பிழைக் கணக்கு முழுவதும் காணாமல் போய்விடும். கையால் அளக்கவே முடியாத இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் நல்ல உதாரணம். இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒலியால் ஓடி ஒலியால் நிற்கும் ஸ்டாப்வாட்ச்சை இரண்டிலும் திறக்க வேண்டும். முதல் கைப்பேசி பக்கத்தில் ஒருவர் கைதட்டினால் இரண்டும் ஓடும், அடுத்ததன் பக்கத்தில் மற்றவர் தட்டினால் இரண்டும் நிற்கும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.03 விநாடி. முதல் தட்டலின் ஒலி 5 மீட்டர், இரண்டாம் தட்டலின் ஒலி 5 மீட்டர் போவதால், மொத்தம் 10 மீட்டரை அதனால் வகுத்தால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும்.

கணித மென்பொருளில் ஜியோஜீப்ராவா, டெஸ்மோஸா என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. வடிவியலுக்கு முன்னது, வரைபடத்துக்குப் பின்னது. இரண்டிலும் இரண்டும் செய்யலாம் என்றாலும், சமன்பாட்டைத் தட்டினதும், எண்ணை இழுத்து மாற்றும் ஸ்லைடரோடு வளைவு வந்து நிற்கும் எளிமை டெஸ்மோஸில்தான். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்க்க ஜியோஜீப்ரா சுகம். திரையில் தெரியும் மூன்று கோணங்களைக் கூட்டினால் சில சமயம் 180.01 வரும். அது தசமத்தை முழுமையாக்குவதால் வருவது. அதை மறைக்காமல், எத்தனை முக்கோணம் இழுத்துப் பார்த்தாலும் நிரூபணம் ஆகாது என்று பேச அதையே வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

வீடியோக்கள் விட்டுப்போன பாடத்தைப் படிக்கவும் திருப்புதலுக்கும் நல்லவை. வகுப்பு நேரத்தை அதற்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

பொறியியல் பக்கம், நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகைகளான மைக்ரோபிட், ஆர்டுயினோ. மைக்ரோபிட்டில் 25 எல்இடி விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் முடுக்கமானி, வெப்ப உணரி எல்லாம் பலகையிலேயே இருப்பதால் முதல் வகுப்பிலேயே ஏதாவது ஒன்று வேலை செய்துவிடும். அதன் வெப்ப உணரி சிப்புக்குள் இருப்பதால் அறை வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதையும் சொல்லிவிடுங்கள். ஆர்டுயினோவில் ஒரு வெளி எல்இடியை எரிய வைப்பதற்கே பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஒயர், மின்தடை என்று வேலை இருக்கிறது. பெரிய வகுப்பில் அது தலைவலிதான். ஆனால் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டை 220 ஓம் மின்தடை தாங்கினால் மின்னோட்டம் 14 மில்லி ஆம்பியர் என்று மாணவர் தானே போட்டுப் பார்க்கும்போது ஓம் விதி ஒரு வேலைக்குப் பயன்படுகிறது. வாரம் ஒரு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் மைக்ரோபிட் வாங்குங்கள். ஒரு பருவம் முழுக்க ஒரே குழுவோடு உட்கார முடியும் என்றால் ஆர்டுயினோவுக்கே என் ஓட்டு. கூடவே மின்தடைகளையும் எல்இடிகளையும் தேவைக்கு மேலேயே வாங்கி வையுங்கள், புகைந்துபோகிறவை நிச்சயம் இருக்கும்.