சைக்கிள் டிராவல் பேக் – நாலு ரேஸ் கூட வந்தப்புறம் எழுதுறேன்

சைக்ளோகிராஸ் (புல்லு, சேறு, மணல்னு ஓட்டற சைக்கிள் ரேஸ்) சீசன் செப்டம்பர்லயே சூடு பிடிச்சிடும், வெள்ளிக்கிழமை ஆனா ஏர்போர்ட், ஞாயித்துக்கிழமை ரேஸ், ராத்திரியே திரும்பணும், அதுக்குன்னே வாங்கினதுதான் இந்த ஃபோம் வச்ச சாஃப்ட் பேக். சைக்கிள் 8 கிலோ, பேக் 8 கிலோ, நிறைய ஏர்லைன்ல லிமிட் 23 கிலோங்கறதால ஷூ, ஹெல்மெட், பம்ப் எல்லாம் உள்ளயே போயிடுது, இது பெரிய நிம்மதி.

ஹேண்டில்பார் கழட்ட வேணாம். வீல் ரெண்டையும் பெடலையும் கழட்டி, ஃப்ரேமை அடியில இருக்கற ஸ்டாண்ட்ல லாக் பண்ணா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஆனா பின் டீரெய்லர் (கியர் மாத்தற பாகம்) பக்கம் பாதுகாப்பு பத்தாது. ரெண்டாவது ரேஸுக்கு முந்தின நாள் கோர்ஸ் சுத்திப் பாக்கும்போது பின்னாடி பெரிய பல்சக்கரத்துக்கு மாத்தினா ஸ்போக்ல டிக் டிக்னு இடிக்குது, பாத்தா டீரெய்லரை ஃப்ரேமோட பிடிச்சிருக்கற ஹேங்கர் உள்பக்கமா வளைஞ்சிருக்கு, நல்லவேளை ஸ்பேர் ஹேங்கர் கையில இருந்துச்சு. அதுலேர்ந்து டீரெய்லரைக் கழட்டி பழைய டவல்ல சுத்தி ஃப்ரேமோட கட்டிடுறேன், அப்புறம் ஒண்ணும் ஆகல.

இன்னொரு குறை, வீல் பாக்கெட் ரெண்டே ரெண்டுதான். சீசன் ஆரம்பத்துல தரை காஞ்சு புழுதி பறக்கும், அடுத்த வாரமே மழை பெஞ்சு சேறாயிடும், 33 எம்எம்-க்கு மேல அகலமான டயர் யுசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) ரூல்படி போட முடியாது, அப்போ தரைக்கு ஏத்த மாதிரி வேற பட்டன் இருக்கற டயருக்குத்தான் மாத்தணும், அதுக்கு இன்னொரு செட் வீலைத் தனிப் பைல தூக்கிட்டு அலையணும்.

உள் துணி கழுவ ஈஸி, சேறு ஒட்டினா பைப்ல அடிச்சா போயிடுது. ஒரே சைக்கிளோட பறக்குறவங்க தாராளமா வாங்கலாம்.