கம்யூனிட்டி காலேஜில் கார் மெக்கானிக் படிப்பா, உயிரியலா?

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரிகள்) மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, கட்டணம் 46 டாலர். மெக்கானிக் வகுப்புக்கும் அதே கட்டணம், உயிரியலுக்கும் அதே.

உயிரியலில் இரண்டாண்டு என்பது பாதி வழிதான். கூடவே வேதியியல், கால்குலஸ், இயற்பியல் எல்லாம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு மாறினால்தான் இளநிலைப் பட்டம். நர்சிங் போகிறவர்களுக்கு மட்டும் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றும் நேரடியாகக் கைகொடுக்கும்.

மெக்கானிக் பிரிவில் பிரேக், சஸ்பென்ஷன், ஏசி, எலெக்ட்ரிகல் என்று தனித்தனிப் பாடங்கள். கற்றதை வைத்து உடனே வேலை தேடலாம். ஆனால் ஏஎஸ்இ சான்றிதழுக்கு (அமெரிக்காவில் மெக்கானிக்குகளின் திறமைக்குத் தரும் சான்று) தேர்வு மட்டும் போதாது. பொதுவாக இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். படித்ததைக் காட்டினால் அதில் ஓராண்டு வரை கழித்துக்கொள்வார்கள். ஏ1 முதல் ஏ8 வரை எட்டுத் தேர்விலும் தேறினால் கார் பிரிவில் மாஸ்டர் டெக்னீஷியன். அதோடு முடிவதில்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்னொரு செலவையும் கணக்கில் வையுங்கள்: ஸ்பேனர், சாக்கெட் செட் எல்லாம் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் நம் காசில்தான் வாங்க வேண்டும். சின்னத் தொகை இல்லை.

பல்கலைக்கு மாறியே தீருவேன் என்ற உறுதி இருந்தால் உயிரியல். இல்லையென்றால், சொந்தக்காரர்கள் முகம் சுளித்தாலும், என் ஓட்டு மெக்கானிக் படிப்புக்குத்தான்.