வெண்புள்ளியும் சொரியாசிஸும் சேர்ந்திருந்தால்: களிம்பா, ஒளி சிகிச்சையா?

வெண்புள்ளியில் தோல் நிறமிழந்து வெள்ளையாகும், சொரியாசிஸில் தடித்துச் செதில் உதிரும். நோய் எதிர்ப்பாற்றல் சொந்தத் தோலையே தாக்குவதால் வருபவை இரண்டும். ஒருவருக்கே இரண்டும் வரலாம். ரெண்டுமே தொற்றாது. என் அக்காவுக்குப் பாவாடை நாடா அழுத்தும் இடுப்பில் முதலில் வெள்ளை, பிறகு அதன்மேலேயே செதில். உரசலும் காயமும் இரண்டையும் தூண்டும்.

பரப்பு: நாலைந்து திட்டு என்றால் களிம்பு போதும். உடம்பெங்கும் பரவியிருந்தால் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. ஒரே ஒளி இரண்டுக்கும் வேலை செய்யும்.

அலைச்சல்: களிம்பு வீட்டிலேயே. ஒளிக்கு வாரம் 2, 3 முறை மருத்துவமனை. செதில் சில வாரங்களில் அடங்கத் தொடங்கும். நிறம் திரும்ப 6 மாதத்துக்கு மேலும் ஆகலாம். முடி வேரைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக நிறம் தெரிந்தால் பலன் தொடங்கிவிட்டது. விரல் நுனியும் உதடும் எதற்கும் எளிதில் மசியாது.

பக்கவிளைவு: ஸ்டீராய்டு களிம்பு நாள்பட்டால் தோல் மெலியும், திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீறலாம். ஒளி அளவு மீறினால் வெள்ளைத் தோல் சிவந்து எரியும்.

முகம், அக்குள் மட்டும் என்றால் டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு. திட்டுகள் பரவலாக இருந்து, மாதக்கணக்கில் போய்வர முடிந்தால் ஒளி. தயவுசெய்து மெடிக்கலில் கேட்டு நீங்களே ஸ்டீராய்டு பூசாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.