மும்பை மழையிலும் சஹ்யாத்ரி காற்றிலும் நின்ற முடிச்சுகள்

டெண்டோடு கயிற்றில் கோர்த்து வரும், கயிற்றை இறுக்கித் தளர்த்த உதவும் சின்ன பிளாஸ்டிக் ரன்னர்களை நான் கழற்றிப் போட்டுப் பல வருஷம் ஆகிறது. மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் மாடிக்கு ஒவ்வொரு மே மாதமும் ஏறும் நீலத் தார்ப்பாயும், குளிர்காலத்தில் சஹ்யாத்ரி மலைகளில் போடும் டெண்டும் இப்போது முழுக்க முடிச்சிலேயே நிற்கின்றன. எந்த முடிச்சு எந்தக் கயிற்றில் நின்றது, எது வழுக்கியது என்பதைத் தமிழில் விவரமாக எழுத ஆள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

ரன்னர் மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். புதிதாக இருக்கும்போது நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் மாடியில் கிடந்தால் பிளாஸ்டிக் வெளுத்து மொறமொறவென்று ஆகிவிடுகிறது. நடுராத்திரி காற்றில் ஒன்று உடைந்தால் மாற்று எங்கே தேடுவது? கயிற்றின் தடிமன் மாறினாலும் அந்த ஓட்டைக்கு ஒத்துவராது. முடிச்சுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும்படியான முடிச்சு எதற்கு, ஒரே இறுக்காக இறுக்கிக் கட்டினால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். கயிறு ஒரே நீளத்தில் இருப்பதில்லை என்பதுதான் பதில். நைலான் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் நீளும். சாயங்காலம் வீணைத் தந்தி போல நின்ற கயிறு, விடியற்காலைப் பனியிலேயே தொய்ந்துவிடும். டெண்ட் துணியும் நைலானாக இருந்தால் அதுவும் சேர்ந்து தொங்கும். வெயில் ஏறியதும் இரண்டும் பழையபடி சுருங்கும். பருத்தி, சணல் கயிறுகள் இதற்கு நேர்மாறு. நனைந்தால் இழை ஊதிக் கயிறு குட்டையாகும். அதனால்தான் பழைய கான்வாஸ் கூடாரக்காரர்கள் மழைக்கு முன்னால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி விடுவார்கள். இல்லாவிட்டால் முளையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆக, ராத்திரியில் ஒரு தடவையாவது கை வைக்க வேண்டியிருக்கும். அப்போது முடிச்சை அவிழ்க்காமல் நகர்த்த முடிகிறதா என்பதுதான் கேள்வி.

நான் அதிகம் போடுவது டாட்லைன் ஹிட்ச் என்கிற, கயிற்றின் மேல் நகர்த்தக்கூடிய முடிச்சு. போடும் முறை இது. டெண்டிலிருந்து வரும் கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியை அதே கயிற்றின் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது முளையைச் சுற்றி ஒரு கண்ணி இருக்கும். அந்தக் கண்ணிக்கு உள்ளே, முளையை நோக்கி நகர்ந்தபடி, நுனியை நீளக் கயிற்றின் மேல் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பிறகு நுனியைக் கண்ணிக்கு வெளியே, டெண்ட் பக்கம் கொண்டுவந்து, அதே திசையில் இன்னொரு சுற்று சுற்றி, அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான். முடிச்சைக் கையால் பிடித்து டெண்ட் பக்கம் தள்ளினால் கண்ணி பெரிதாகும், கயிறு இறுகும். முளைப் பக்கம் தள்ளினால் தளரும். கையை எடுத்ததும் இழுப்பு வந்து முடிச்சைக் கயிற்றின் மேல் வளைத்து நெருக்கும். அந்த உராய்வில்தான் அது நிற்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சுற்றுகளை ஒழுங்காகப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, ஒரு தடவை நன்றாகக் கெட்டிப்படுத்திய பிறகே இழுப்பைக் கொடுக்க வேண்டும். தளர்வாகப் போட்டுவிட்டு, தானே இறுகட்டும் என்று விட்டால் அது வழுக்கிக்கொண்டே போகும். டாட்லைன் நிற்கவில்லை என்று சொன்ன நண்பர்களின் முடிச்சை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று தாறுமாறாகக் கிடக்கும், அல்லது உள்ளே வரவேண்டிய சுற்று வெளியே போயிருக்கும்.

இதற்குச் சொந்தக்கார முடிச்சு ஒன்று உண்டு, மிட்ஷிப்மேன் ஹிட்ச். இரண்டாவது சுற்றைப் பக்கத்தில் போடாமல், முதல் சுற்றின் மேல் ஏறிக் கவ்வும்படி போடுவார்கள். அங்கேயே அது ஒரு பிடி பிடித்துக்கொள்ளும். பலத்த காற்றில் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி ஒற்றை ஆளாகக் கட்டும்போது இந்தக் கவ்வல் பெரிய உதவி. கடைசிச் சுற்றைப் போட்டு முடிக்கும்வரை அது இழுப்பைத் தாங்கி நிற்கும். வழவழப்பான கயிற்றில் எனக்கு டாட்லைனை விட இதுதான் நம்பிக்கை.

டாட்லைனின் பேர் பூமியில் மட்டும் இல்லை. 1997இல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன எஸ்டிஎஸ்-82 விண்வெளிப் பயணத்திலும் இது பயன்பட்டிருக்கிறது.

முடிச்சைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பாதி விஷயம் கயிற்றில்தான் இருக்கிறது. மும்பை நாக்தேவி தெருக் கடைகளில் நைலான் என்று கேட்டால் மஞ்சளும் நீலமுமாகப் பளபளக்கிற ஒரு கயிற்றை எடுத்துப் போடுவார்கள். அதில் நிறைய உண்மையில் பாலிப்ரொப்பிலீன். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி போக நன்றாகப் பிசைந்துவிட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். நைலானும் பாலியஸ்டரும் முங்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் விறைப்பானது, வழுக்கக்கூடியது. முடிச்சு அதில் நெருங்கி உட்காராது. வெயிலிலும் சீக்கிரம் நைந்து, தேய்த்தால் தூளாக உதிரும். வேறு வழியில்லாமல் அதையே கட்ட வேண்டி வந்தால், டாட்லைனில் உள்சுற்றை இரண்டுக்குப் பதில் மூன்றாக்கிக்கொள்கிறேன்.

டெண்டுக்கு என் தேர்வு இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு. நனைந்தாலும் அதிகம் நீளாது. மேலுறை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நல்லது. நான்கு மில்லிமீட்டர் பாராகார்டு (பாராசூட் கயிறு) கையில் பிடிக்க சுகமானது, டாட்லைன் அதில் அழகாக உட்காரும். ஆனால் அது நைலான். மழையில் தொய்வதை ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். எடை குறைவு என்று சிலர் டைனீமா கயிறு வாங்குகிறார்கள். வலிமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் உராய்வு மிகக் குறைந்த இழை அது. உராய்வை நம்பி நிற்கிற முடிச்சு அதில் எப்படி நிற்கும்? டைனீமா வைத்திருப்பவர்கள் ரன்னரோடே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

மாடித் தார்ப்பாய்க் கதை வேறு. இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ எடை. பத்துக்குப் பன்னிரண்டு அடித் தார்ப்பாய் சுமார் 11 சதுர மீட்டர். நடுவில் தொய்வு விழுந்து, 50 மில்லிமீட்டர் மழை வழியாமல் தேங்கினால் 550 கிலோ. அந்த எடையில் முடிச்சு அவிழ்வதற்கு முன்னாலேயே தார்ப்பாயின் வளையங்கள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்தக் கணக்கை நினைத்தால் சரிவும் இழுப்பும் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். தண்ணீர் தேங்கவே கூடாது.

அதனால் நடுக்கயிறு, அதாவது தார்ப்பாய்க்கு முதுகெலும்பு மாதிரி ஓடும் கயிறு, கம்பி போல நிற்கவேண்டும். டாட்லைனால் அந்த இறுக்கத்தைக் கொண்டுவர முடியாது. அதற்கு ட்ரக்கர்ஸ் ஹிட்ச். நம் லாரிக்காரர்கள் காலகாலமாகப் போடுவதுதான். வாஷி மார்க்கெட்டில் லோடு கட்டும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். "கைய வச்சு மல்லுக்கட்டாதீங்க தம்பி. நடுவுல ஒரு கண்ணி போட்டு இழுங்க, கயிறே இழுத்துக் குடுத்திரும்" என்றார். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி, நுனியைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, திரும்பத் தூண் பக்கமே இழுப்பது. கப்பி வேலை செய்கிறது. கணக்குப்படி மூன்று மடங்கு இழுப்பு. கயிறும் கயிறும் உரசுவதால் கைக்குக் கிடைப்பது அதைவிட நிறையவே குறைவு. அப்படியும் ஒற்றை ஆளுக்குப் போதும். இழுத்ததும் கண்ணிக்குப் பக்கத்தில் விரலால் நெருக்கிப் பிடித்து, இரண்டு அரைமுடிச்சு போட்டு முடிக்கிறேன். கடைசி அரைமுடிச்சை மட்டும் உருவு முடிச்சாக விடுவேன். மறுபடி இறுக்க வேண்டும் என்றால் நுனியைச் சுண்டினால் போதும்.

ஒரு குறை உண்டு. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கயிறு அந்தக் கண்ணியில் ஒரே இடத்தில் உரசுகிறது. நைலானும் பாலிப்ரொப்பிலீனும் அந்த இடத்தில் சூடேறி உருகிப் பளபளப்பாக, கண்ணாடி போல் ஆகிவிடும். விரலால் தடவினால் தெரியும். அந்தத் துண்டை நான் இரண்டாவது மழைக்காலத்துக்கு விடுவதில்லை. வெட்டிவிடுவேன்.

பக்கக் கயிறுகளுக்குத் திரும்ப டாட்லைன்தான். அதோடு ஒவ்வொரு மூலையிலும் பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டுகிறேன். காற்று வீசும்போது அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது, வளையம் கிழிவதில்லை. வளையம் ஏற்கெனவே கிழிந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு உருண்டையான கூழாங்கல்லைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்து, வெளியிலிருந்து கழுத்தை இறுக்குவது போல் கயிற்றைச் சுற்றிக் கட்டினால், வளையத்தை விடவே உறுதியாக நிற்கிறது. எங்கள் மாடியில் தெற்கு மூலை அப்படித்தான் நிற்கிறது.

சஹ்யாத்ரியில் பிரச்சினை முளைதான். அந்த மலை முழுக்கத் தக்காணத்து எரிமலைப் பாறை. மேலே மெல்லிய மண், கீழே கருங்கல். ஹரிச்சந்திரகட் கோட்டை மலை மேலே முளையை அடித்தால் நாலு விரல் இறங்குவதற்குள் டங்கென்று நிற்கும். அங்கே கல்லில்தான் கட்டவேண்டும். கயிற்றின் கண்ணியை ஒரு சின்னக் கல்லில் மாட்டி, அதற்கு முன்னால், டெண்ட் பக்கமாக, கயிற்றின் மேல் ஒரு பெரிய கல்லை வைத்துவிடுவேன். சின்னக் கல் பெரிய கல்லுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். பெரிய கல்லை நகர்த்தாமல் கயிறு வராது.

இப்படிக் கட்டும்போது முடிச்சு கல்லுக்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும், கை எட்டாது. அதனால் இறுக்கும் முடிச்சை டெண்ட் பக்கத்துக்கே மாற்றிவிட்டேன். டெண்டில் தைத்திருக்கும் பட்டை வளையத்தில் கயிற்றை நுழைத்துத் திருப்பி, அங்கே டாட்லைன். கல் பக்கம் நகராத சாதாரணக் கண்ணி. இந்த அமைப்பில் முடிச்சைக் கல் பக்கம் தள்ளினால் இறுகும். ராத்திரி மழையில் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, ஈரக் கயிற்றில் முடிச்சைத் தடவிக் கண்டுபிடித்து நாலு விரல் தள்ளினால் தொய்வு போய்விடும். செருப்பு தேட வேண்டாம், நனைய வேண்டாம். இத்தனை நாள் பழக்கத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாய் தொங்கவிடுகிறவர்களுக்கு ஃபேரிமண்ட் ஹிட்ச் பிடிக்கும். நுனியைச் சுண்டினால் மொத்தமாக அவிழ்ந்துவிடும், காலையில் கிளம்பும்போது வேலை மிச்சம். மெல்லிய கயிற்றில் எனக்கு அது அவ்வளவாக நிற்கவில்லை. அந்த நடுக்கயிற்றில் தார்ப்பாயின் இரண்டு முனையையும் பிடிக்க ப்ரூசிக் கண்ணி, அதாவது நடுக்கயிற்றைச் சுற்றிக் கவ்வும் தனிக் கயிற்றுக் கண்ணி, போடலாம். ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு. கண்ணிக் கயிறு நடுக்கயிற்றை விட மெல்லியதாக இருந்தால்தான் அது கவ்வும்.

இவை எல்லாம் துணியை இழுத்துப் பிடிக்கத்தான். ஊஞ்சல், தொங்கு படுக்கை என்று ஆள் எடை ஏறும் எதையும் டாட்லைனில் தொங்கவிடாதீர்கள். மரம் ஏறுகிறவர்கள் ஒரு காலத்தில் இதே முடிச்சை நம்பி ஏறினார்கள். தளர்ந்து உருண்டுவிடும் குணம் இருப்பதால் பலரும் பிளேக்ஸ் ஹிட்ச் என்ற வேறொரு முடிச்சுக்கு மாறிவிட்டார்கள்.

காஷித் மாதிரிக் கடற்கரையில் மணல்தான் எதிரி. முளை நிற்காது. மணல் நிரப்பிய பையைப் புதைத்து அதில் கட்டினால் நிற்கிறது. ஆனால் மணல் முடிச்சுக்குள் புகுந்தால் நகரவிடாமல் நெருக்கும், கயிற்றையும் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, முடிச்சுகளை முழுக்க அவிழ்த்துச் சுருட்டி வைக்கிறேன். முடிச்சோடேயே வைத்தால் அந்த இடத்தில் கயிறு மடிந்து பழகிவிடுகிறது. அடுத்த தடவை சுற்று ஒழுங்காக விழுவதில்லை.