ராமேஸ்வரம் சாலையில் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் படிக்கவும்

வேவ் பூல், அதாவது செயற்கையாக அலை அடிக்கும் குளம், ஓடவில்லை. பெரிய சறுக்குகளில் பாதிக்கு மேல் கயிறு கட்டி மூடியிருந்தது. டிக்கெட் கவுண்டரில் இதை யாரும் சொல்லவில்லை. பணம் கட்டி, கையில் பட்டை மாட்டி, உடை மாற்றி உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், கடலோரமாக இருக்கும் ஒரு தண்ணீர்ப் பூங்கா அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. மே மாத லீவுக்கு மதுரையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டத்தில் தண்ணீர்ப் பூங்காவா என்று மச்சான் வழியெல்லாம் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தார்.

பெரியவர்களுக்கு 600 ரூபாய், பிள்ளைகளுக்கு 500. வாசல் பேனரில் அலை அடிக்கிற படம்தான் பெரிதாக இருக்கிறது. அக்கா கவுண்டரிலேயே கேட்டாள், "எல்லாம் ஓடுதா தம்பி?" என்று. "எல்லாம் ஓடுதுக்கா, உள்ள போங்க" என்று பதில் வந்தது. உள்ளே மேற்பார்வையாளரோ வேறு கதை சொன்னார். மோட்டார் பழுதாம், பார்ட்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டுமாம், ஒரு வாரம் ஆகிவிட்டதாம். ஒரு வாரமாக ஓடாதது காலையில் கவுண்டரில் உட்கார்ந்தவருக்குத் தெரியாதா?

சரி, ஓடுகிற குளத்திலாவது பிள்ளைகள் ஆடட்டும் என்று இறங்கினோம். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. நெடி அடித்தால் மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் என்ற வேறு பொருளாக மாறும்போதுதான் அந்த நெடியும் கண் எரிச்சலும் வருகின்றன. ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்தில் குளோரின் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அளந்து எழுதி வைக்கும் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே யாருக்கும் நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை.

நோட்டு இல்லாவிட்டாலும் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கரையில் நின்றால் ஆழமான பக்கத்தின் அடித்தரையும் அங்குள்ள வடிகால் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கே இடுப்பளவு தண்ணீரிலேயே என் கால்விரல் எனக்குத் தெரியவில்லை. இது வெறும் சுத்தம் பற்றிய பேச்சு அல்ல. அந்தக் கலங்கலில் ஒரு குழந்தை மூழ்கினால் மேலே இருப்பவர் கண்ணுக்குப் படாது. குளிப்பவர்களைக் காப்பாற்ற மேலே உட்கார்ந்திருந்த காவலரும் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகனை உடனே கரையேற்றிவிட்டோம்.

அப்புறம் சில்லறைப் பிடுங்கல். பருத்தித் துணியின் நூல்பிசிறு வடிகட்டியை அடைக்கும், அதனால் நைலான் உடைதான் போட வேண்டும் என்பது நியாயம். ஆனால் வாடகைக்குக் கொடுத்த உடை முந்தைய ஆள் கழற்றிய ஈரத்தோடு இருந்தது. உடைக்கும் லாக்கருக்கும் முன்பணத்தை ரொக்கமாகத்தான் வாங்கினார்கள், ரசீது இல்லை. திருப்பிக் கேட்டபோது "சாவி லேசா வளைஞ்சிருக்கு" என்று பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். குளிக்கும் அறையில் போர்த் தண்ணீர், ஒரே உப்பு, சோப்பு நுரைக்கவே இல்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் அப்படித்தான் இருக்கும், அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடிக்கும் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றதை மட்டும் சொல்லாமல் விட முடியாது.

ஓடாததற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. இப்படி அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரசீது கொடுக்க மறுப்பதும், குறையான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைப் பட்டியலில் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர்கள் இதற்காக ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. டிக்கெட், கையில் கட்டிய பட்டை, மூடிய சறுக்கின் போட்டோ, யுபிஐ பணம் போன விவரம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் பேனரும் விழட்டும்.

பிள்ளைகளின் அழுகையை அடக்க அங்கிருந்து நேராக அரியமான் கடற்கரைக்குப் போனோம். பாக் விரிகுடாப் பக்கம் கோடையில் அலை அடங்கித்தான் இருக்கும். சவுக்கு நிழல், ஆழமில்லாத கரை. தண்ணீரை விட்டுக் கடைசியாகக் கரையேறியது மச்சான்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதே கடல் முரடாகிவிடும், அப்போது இறங்காதீர்கள்.

1915 எண்ணில் புகார் பதிந்த பிறகு பூங்காவிலிருந்து போன் வந்தது. பணம் தர வழியில்லை, அடுத்த முறைக்கு இலவச பாஸ் தருகிறோம் என்றார்கள். வேவ் பூல் ஓடுகிறதா என்று கேட்டேன். பார்ட்ஸ் இன்னும் வரவில்லையாம். பாஸ் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.